மறு: பனோரமாவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> "அகலப்படம்" போதாதா? கைப்பேசியில் பனோரமா எடுத்தால் படம் அகலமாகத்தானே வருகிறது?

வருகிறது. ஆனால் சாதாரணப் படத்தின் மேலும் கீழும் வெட்டி எறிந்தால் அதுவும் அகலமாகத்தான் இருக்கும். அதைப் பனோரமா என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் எடுத்த படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த இழையைத் தொடங்கினேன். வேடிக்கை என்னவென்றால், பனோரமா என்ற சொல்லே அந்த ஊர் ஓவியத்தை ஒட்டிப் பிறந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் கால்ட்டன் குன்றிலிருந்து ஊரை நாலாபுறமும் வரைந்து காட்ட ஒரு முறை கண்டுபிடித்து, 1787-ல் காப்புரிமை வாங்கினார். அப்போது வைத்த பெயர் பிரெஞ்சில். 'ஒரே பார்வையில் இயற்கை' என்பதுபோல் பொருள் வரும். அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் கிரேக்கத்திலிருந்து 'எல்லாம்' என்ற பொருளுள்ள பான், 'காட்சி' என்ற பொருளுள்ள ஹொராமா இரண்டையும் எடுத்து ஒட்டினார்கள். ஆக, பனோரமாவும் உட்கார்ந்து யோசித்துக் கட்டிய கலைச்சொல்தான். அவர்களுக்கே முதல் பெயர் தேறவில்லை, நமக்கென்ன வெட்கம்?

1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் பார்க்கர் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார். பார்ப்பவர் நடு மேடையில் நிற்பார், ஓவியம் அவரைச் சுற்றி ஓடும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. படம் எவ்வளவு அகலம் என்பதல்ல, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. ஆகஸ்டில் ஃப்ரின்ஜ் என்ற கலைவிழா நடக்கும்போது எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் வித்தைக்காரர்களைச் சுற்றிக் கூட்டம் வட்டம் கட்டும். வட்டத்தின் விளிம்பில் நின்று எடுத்தால் அகலமான படம் கிடைக்கும். வித்தைக்காரர் நிற்கும் இடத்தில் நின்று எடுத்தால்தான் பனோரமா.

அதனால் என் பரிந்துரை: சூழ்காட்சி.

> சூழ்ச்சி நினைவுக்கு வருகிறதே ஐயா. "சுற்றுக்காட்சி" என்றால் என்ன?

எனக்குச் சுற்றுக்காட்சி என்றதும் சுற்றுலாப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது! சூழ்நிலை என்று தினமும் எழுதுகிறோம், யாரும் சதியை நினைப்பதில்லை. தவிர, சூழ்காட்சி வினைத்தொகை. நடுவில் 'க்' போடலாமா கூடாதா என்ற சண்டையும் வராது.

அடுத்தது, படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் வேலை. 'ஹகின்' போன்ற மென்பொருள்கள் அடுத்தடுத்த படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கண்டுபிடித்துச் சேர்க்கின்றன. அதனால் ஒவ்வொரு படமும் முந்தையதன் கால்பங்கையாவது மறுபடி காட்டவேண்டும். இதற்குத் 'தைத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தப்பில்லை. ஆனால் தையற்கடையில் கைலியைக் கொடுத்து என்ன சொல்வோம்? 'மூட்டித் தாங்க' என்போம். இரண்டு ஓரங்களும் சேர்ந்து துணி வளையமாகிவிடும். 360 பாகைப் படத்தில் நடப்பதும் அதேதான்: கடைசிப் படத்தின் வலது ஓரம் முதல் படத்தின் இடது ஓரத்தோடு சேரவேண்டும். ஆகவே முழு வட்டம் என்றால் மூட்டிய சூழ்காட்சி, இல்லையென்றால் மூட்டாத சூழ்காட்சி. மூட்டுவலி ஞாபகம் வருகிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், வருகிறது. பரவாயில்லை.

> பாரலாக்ஸுக்கும் சொல் வேண்டும்.

வேண்டாம், இருக்கிறது. இடமாறு தோற்றம். அளவுகோலைச் சாய்ந்து பார்த்தால் வரும் 'இடமாறு தோற்றப்பிழை' என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். கேமராவைத் திருப்பும்போது லென்ஸின் நுழைதுளை (முன்னாலிருந்து பார்த்தால் ஒளி உள்ளே போவதாகத் தெரியும் துளை) இடம் பெயர்ந்தால், பக்கத்தில் உள்ள கம்பம் பின்னால் உள்ள கோட்டையோடு பொருந்தாமல் நகரும். அது நகராதபடி சுழற்றவேண்டிய அச்சு எங்கே விழுகிறதோ, அதை இடமாறாப் புள்ளி என்று சொல்லிவிடலாம். பாதி வேலையைப் பாடநூலே முடித்துவைத்திருக்கிறது.

அப்புறம், எனக்கு விடை கிடைக்காத ஒன்று. ஏப்ரல் 30 இரவு அதே கால்ட்டன் குன்றில் பெல்டேன் தீவிழா நடக்கும். 1988 முதல் நடத்துகிறார்கள். முரசு, தீப்பந்தம், உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய ஆட்டக்காரர்கள். கூட்டத்தில் முக்காலி விரிக்க இடமில்லை, கையில் பிடித்தே எட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து மூட்டிப் பார்த்தால், ஒரே பந்தக்காரர் மூன்று இடத்தில் நிற்கிறார். மூன்றாவது இடத்தில் இடுப்புக்குமேல் ஆளே இல்லை, பந்தம் மட்டும் எரிகிறது. குன்றின் உச்சியில் பாதியில் நின்றுபோன பன்னிரண்டு தூண் நினைவுச்சின்னம் மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்திருக்கிறது, அது நகரவில்லையே.

படம் எடுக்கும்போது ஆள் நகர்ந்ததால் வரும் இந்த இரட்டை உருவத்துக்கும் அரை உருவத்துக்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டும். 'ஆவியுரு' என்று யோசித்தேன், இட்லிக் கொப்பரை நினைவுக்கு வந்தது. 'இரட்டிப்பு' அரை ஆளுக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் குறிப்பை முடிக்கவேண்டும். அதுவரை 'பேய்' என்றே எழுதிவைத்திருக்கிறேன்.