இன்ட்ரூஷன்: ‘ஊடுருவல்’ வேண்டாம், ‘அத்துமீறல்’ வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருளின் கோப்பை நேற்று ராத்திரி முதலிலிருந்து படித்தேன். இன்ட்ரூஷன் (அனுமதியில்லாமல் நுழைவது), பெனிட்ரேஷன் (துளைத்துப் போவது), இன்ஃபில்ட்ரேஷன் (மறைவாகப் புகுவது) மூன்றுக்கும் ஊடுருவல் என்றே போட்டிருக்கிறோம். பிரேக்-இன் (திருட்டுத்தனமாக உள்ளே நுழைவது) வரும் இடத்திலும் ஊடுருவல்தான். இன்டரப்ட் (வேலையின் நடுவே கணினியின் செயலிக்கு, அதாவது பிராசசருக்கு, வரும் அழைப்பு), இன்டர்ஃபியரன்ஸ் (ஒரு அலை இன்னொன்றோடு கலந்து அதைப் பாதிப்பது) இரண்டுக்கும் குறுக்கீடு. ‘ஊடுருவல் சோதனையின்போது ஊடுருவல் கண்டறியப்பட்டது’ என்று திரையில் வந்தால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

ஊடுருவல் நல்ல சொல்தான். அம்பு உருவிக்கொண்டு போவது போல ஒன்றின் நடுவே துளைத்துப் போவது அதன் பொருள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல்நீர் ஏறி வந்ததே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பாறைக்குள் மாக்மா புகுவதற்கும் சரி, 1999இல் கார்கிலில் நடந்ததற்கும் சரி. பெனிட்ரேஷன் டெஸ்டுக்கும் அதுவே இருக்கட்டும், சுவரில் எங்கே ஓட்டை விழும் என்று குத்திப் பார்ப்பதுதானே அந்த வேலை.

இன்ட்ரூஷன் அப்படி இல்லை. லத்தீனில் அதன் வேர் ‘தள்ளு’ என்று பொருள்படுவது, ஆனால் வேரைப் பார்த்துச் சொல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, கணினிப் பாதுகாப்பில் எதைக் குறிக்கிறார்கள் என்று பார்ப்போம். 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கணினிப் பாதுகாப்பு வல்லுநர் எழுதிய அறிக்கைதான் இன்ட்ரூஷனைக் கண்டறியும் துறைக்கு ஆரம்பப் புள்ளி. உள்ளேயிருந்து வரும் ஆபத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: இன்னொருவர் பெயரில் நுழைகிறவர், உரிமை இருந்தும் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர், பதிவேட்டில் தடயமே விழாமல் திரிகிறவர். 1987இல் டோரதி டென்னிங் என்ற கணினி ஆய்வாளர் கொடுத்த மாதிரி வடிவமும், ஒருவருடைய வழக்கமான நடவடிக்கையைப் பதிந்துவைத்து அதிலிருந்து விலகினால் சந்தேகப்படு என்றுதான் சொல்கிறது. எதையாவது துளைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இரண்டிலும் இல்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை யாரும் மூடவில்லை. மூன்று வாரம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு வழியாக எல்லாருடைய சம்பளப் பட்டியலும் வெளியே போயிருந்தது. கடவுச்சொல் சரியானது, கதவு அதுவாகவே திறந்துவிட்டது. அதைப் போய் ஊடுருவல் என்று எப்படிச் சொல்வது? போகக்கூடாத இடத்துக்குப் போனதுதான் அங்கே நடந்த குற்றம். அதற்கு நம் காவல் நிலையங்களில் தினமும் எழுதுகிற சொல் இருக்கிறது: அத்துமீறி நுழைந்து.

‘அத்து தமிழ் இல்லையே, உருது வழி வந்தது, எல்லைமீறல் என்று வைக்கலாமே’ என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். எல்லை என்று பொருள்படும் ஹத் என்ற சொல்தான் அத்து ஆனது, உண்மை. ஆனால் எல்லை மீறிப் பேசுவது, எல்லை மீறிச் செலவு செய்வது என்று எல்லைமீறல் எங்கெங்கோ போய்விட்டது. அத்துமீறல் என்றதும் அனுமதி இல்லாமல், அடுத்தவர் இடத்தில் என்பது கூடவே வந்துவிடுகிறது. அத்துமீறல் கண்டறி அமைப்பு, அத்துமீறல் தடுப்பு அமைப்பு, அத்துமீறுபவர் என்று கிளைகளும் சிரமமில்லாமல் வருகின்றன.

அப்புறம் இன்டரப்ட். குறுக்கே என்ற சொல்லிலேயே ஓர் எரிச்சல் இருக்கிறது; குறுக்கே பேசாதே, பூனை குறுக்கே போய்விட்டது. செயலிக்கு இன்டரப்ட் தொந்தரவு கிடையாது. அது இல்லாவிட்டால் விசைப்பலகையிடம் ‘ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா’ என்று செயலி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சமைத்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடிக்கிறது, அடுப்பைக் குறைத்துவைத்து, கதவைத் திறந்து பாலை வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கிளறுகிறோமே, அதேதான். செயலியும் தான் நின்ற இடத்தைக் குறித்துவைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தொடர்கிறது. அதனால் என் பரிந்துரை ‘இடையழைப்பு’. எண்பதெண்பத்தைந்து (8085) என்ற பழைய செயலியைப் படித்தவர்களுக்கு அதில் இன்டரப்ட் வந்து சேரும் ஐந்து கால்களும் (பின்களும்) நினைவிருக்கும். அதில் டிராப் என்ற கால் மட்டும் ஒதுக்க முடியாதது, அதில் வரும் அழைப்பைச் செயலி கேட்காமல் விட முடியாது. ஒதுக்கத்தக்க இடையழைப்பு, ஒதுக்கவியலா இடையழைப்பு என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பில் வாயில் நிற்கும். மின்சாரமோ ஒளிபரப்போ நிற்பதற்கு இது பொருந்தாது, அங்கே தடங்கல்தான். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தூர்தர்ஷன் நமக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. குறுக்கீடு இன்டர்ஃபியரன்ஸுக்கே இருக்கட்டும், இயற்பியல் பாடப்புத்தகத்தில் ஒளிக்கு அதுதானே.

பிரேக்-இன் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் மென்பொருளின் பழைய பதிப்புகளில், தொடர்புகொள்கிற கணினியின் பெயரும் ஐபி முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் ‘பாசிபிள் பிரேக்-இன் அட்டெம்ப்ட்’ என்று பெரிய எழுத்தில் வரும். முதலில் ‘கன்னமிடல்’ என்று எழுதினேன். கன்னக்கோலால் சுவரைத் துளைத்துத் திருடுவதைக் குறிக்கிற அந்தப் பழைய சொல் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஹவுஸ் பிரேக்கிங் பற்றிய 445ஆம் பிரிவின் உதாரணங்களைப் படித்ததும் கை நின்றுவிட்டது (2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது). சுவரில் ஓட்டை போட்டுக் கையை விடுவது அதில் உண்டு. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதாலேயே கதவைத் திறந்து அத்துமீறி நுழைவதும் அதே பட்டியலில் உண்டு. துளைக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். ஆக கன்னமிடல் போதாது, பூட்டுடைப்பும் போதாது.

‘கள்ள நுழைவு’ என்று மாற்றியிருக்கிறேன். கள்ளச்சாவி நம் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், அதன் பக்கத்தில் இதுவும் பொருந்தி உட்காரும் என்று நினைக்கிறேன். ‘கள்ள நுழைவு முயற்சியாக இருக்கலாம்!’ என்று அந்த எச்சரிக்கையை எழுதிவைத்திருக்கிறேன். சர்வர் அறையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நம்மில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், அரைத் தூக்கத்தில் இதைப் பார்த்தால் உடனே புரிகிறதா என்று நீங்கள் சொன்னால் நாளைக்கே கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.