அப்டேட்: பொங்கல் லீவுல கோலக் கணக்கு போட்டோம்

போன வாரம் கேட்டிருந்தேன்ல, காட்பாடில எங்க தெரு டியூஷன்ல மூணாவது நாலாவது பசங்களுக்கு பொங்கலுக்கு ஏத்த மாதிரி கணக்கு இன்னா பண்ணலாம்னு, நெறைய பேர் புள்ளிக்கோலம் சொன்னீங்க, அதையே பண்ணேன், ரொம்ப நன்றி.

வாசல்ல நடு வரிசைல 7 புள்ளி, மேலயும் கீழயும் இடைப்புள்ளி (ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி, வரிசைக்கு ஒண்ணு கம்மியாகும்) 4 வரைக்கும். மொத்தம் எத்தனைன்னு வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும்னேன். பாதிப் பேர் விரல் விட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "மிஸ், மேலயும் கீழயும் ஒரே மாதிரி தானே, ஒரு பக்கம் 6, 5, 4 கூட்டினா 15, ரெண்டு பக்கம் 30, நடுவுல 7, மொத்தம் 37"ன்னா, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. அப்புறம் அதே 7-ஐ நேர்ப்புள்ளியா (புள்ளிக்கு நேரா புள்ளி) ரெண்டு பக்கமும் 5, 3, 1னு குறைச்சோம், 25 தான் வந்துச்சு, வரிசை ரெண்டுலயும் ஏழுதான், அப்புறம் ஏன் கம்மியாச்சுன்னு பசங்களுக்குள்ள ஒரே சண்டை, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதான்.

கரும்புல கணு எண்ணி ஸ்கேல்ல அளந்தும் பாத்தோம், ஆனா அடிப்பக்கம் கணு நெருக்கமா இருக்கு, சின்னதுங்க குழம்புதுங்க. அஞ்சாவதுக்கு சராசரி சொல்லித்தர நல்லா இருக்கும்.

அடுத்து 9 புள்ளி, இடைப்புள்ளி 5 வரை குடுத்திருக்கேன். விடை 61, அவங்களா கண்டுபிடிக்கட்டும்.