லீச் கிளஸ்டரிங்கை போர்டில் ஏற்றும்போது பேட்டரி எங்கே போகிறது

லீச் என்பது பேட்டரியில் ஓடும் சென்சார் நோடுகளைக் கிளஸ்டர்களாக, அதாவது குழுக்களாகப் பிரிக்கும் நெறிமுறை. ஒவ்வொரு சுற்றிலும் தற்செயலாகச் சில நோடுகள் ஹெட் ஆகும்; மற்றவை உறுப்புகளாகச் சேர்ந்து, தத்தம் நேரத் துண்டில் ஹெட்டுக்குத் தரவு அனுப்ப, ஹெட் அதைத் திரட்டி பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும். வெண்டி ஹைன்சல்மன் குழு 2000-இல் வெளியிட்ட இந்த நெறிமுறையை சிசி2420 ரேடியோ சிப் உள்ள டெலோஸ்பி என்ற சென்சார் போர்டுகளில் ஏற்றுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கேட்பதற்கு ஆகும் செலவை. பல சிமுலேஷன்களில் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோவுக்குக் கணக்கே கிடையாது. சிப்போ 0 டிபிஎம்மில் (டிபிஎம் என்பது அனுப்பும் வலுவின் அலகு) அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் இழுக்கிறது, கேட்க 18.8. 3 வோல்ட்டில் 127 பைட் பாக்கெட் ஒன்று காற்றில் இருப்பது 4.3 மில்லிநொடி, செலவு 0.22 மில்லிஜூல். ரேடியோவை ஒரு நொடி திறந்து வைத்தால் 56 மில்லிஜூல். யாரும் பேசாத அந்த ஒரு நொடியில் 250 பாக்கெட் அனுப்பும் மின்சாரம் போய்விடுகிறது.

அதனால் அனுப்பும் வலுவைக் குறைப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். −25 டிபிஎம்முக்கு இறக்கினாலும் 8.5 மில்லிஆம்பியர் போகத்தான் செய்யும். ஹெட் அறிவிப்பு, சேரும் செய்தி, நேர அட்டவணை ஆகிய மூன்றுக்கும் கறாரான கால வரம்பு வையுங்கள். அது முடிந்ததும் உறுப்பு நோடு தன் முறை வரும் வரை உறங்கட்டும்.

•

மேலே சொன்னதோடு இன்னொன்று. மூலக் கட்டுரையின் 5 சதவீத ஹெட் விகிதம் 100 நோடுகளுக்கானது. அதை 20 நோடு உள்ள ஆய்வகத்தில் அப்படியே போட்டால், முதல் சுற்றில் ஒரு ஹெட்கூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு (0.95-ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள்). எல்லா நோடும் வராத அறிவிப்புக்காக ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். 20 சதவீதமாக்கினால் இது சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கும். கூடவே ஒரு டைமரும் வேண்டும்: அறிவிப்பு வரவில்லையென்றால், நோடு தற்செயலாகச் சிறிது தாமதித்துத் தன்னையே ஹெட்டாக அறிவித்துக்கொள்ளட்டும்.

நேர்மாறான கோளாறும் வரும். எல்லா போர்டிலும் ஒரே ஃபர்ம்வேரை ஏற்றி, ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்ற மறந்தால், எல்லாமே ஒரே சுற்றில் ஹெட் ஆகிவிடும். நோடு எண்ணையே சீடாகக் கொடுத்தால் தீர்ந்தது.

•

வெளியில் வைப்பவர்களுக்கு: நேரத் துண்டுகள் நழுவுவதுதான் பெரிய தலைவலி. நோடின் கடிகாரத்தை ஓட்டும் 32 கிலோஹெர்ட்ஸ் படிகங்கள் இரண்டு, எதிரெதிர் திசையில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) தவறினால், இரண்டுக்கும் இடையில் நிமிடத்துக்கு 2.4 மில்லிநொடி விலகல். இதோடு வெயிலும் சேரும். அந்தப் படிகம் 25 டிகிரியில் சரியாக ஓடும். 55 டிகிரியில் சுமார் 30 பிபிஎம் மெதுவாகும். நிழலில் இருக்கும் ஹெட்டுக்கும் மொட்டை வெயிலில் இருக்கும் உறுப்புக்கும் ஒரே நிமிடத்தில் 4.2 மில்லிநொடி வித்தியாசம் வரலாம். ஏறக்குறைய ஒரு முழு பாக்கெட்டின் நீளம் அது! வெயில் நோடு தாமதமாக எழுந்து, அடுத்தவர் துண்டில் பேசி இரண்டையும் கெடுக்கும்.

காப்பு நேரத்தை (துண்டுகளுக்கு இடையில் விடும் இடைவெளி) கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல, அதுவும் கேட்கும் செலவுதான். ஒவ்வொரு சட்டகத் தொடக்கத்திலும் (உறுப்புகள் எல்லாம் ஒருமுறை பேசி முடிக்கும் காலமே சட்டகம்) ஹெட் ஒரு பீக்கன், அதாவது நேரம் சரிபார்க்கும் சிறு செய்தி, அனுப்பட்டும். பாக்கெட்டின் தொடக்கத்தைக் காட்டும் சிப்பின் எஸ்எஃப்டி முனையில் அதன் வருகை நேரத்தைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருத்துங்கள்.

•

பக்கத்துக் கிளஸ்டர்கள் மோதாமலிருக்க லீச் தனித்தனி பரவல் குறியீடு (சிக்னலை அகலப் பரப்பும் குறியீடு) கேட்கிறது. இந்தச் சிப்பில் அதை மாற்ற வழியில்லை. பதிலுக்கு வைஃபையின் 1, 6, 11 சேனல்களோடு அதிகம் மோதாத, இந்தச் சிப்பின் 15, 20, 25 சேனல்களைக் கிளஸ்டர்களுக்குக் கொடுங்கள். அறிவிப்புக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் 26-ஐ ஒதுக்குங்கள். சுற்று முடிந்ததும் எல்லா நோடும் 26-க்குத் திரும்ப வேண்டும். ஹெட் நடுவில் செத்துவிட்டால் உறுப்புகள் பழைய சேனலிலேயே தொலைந்து கிடக்கும். ஆகவே மூன்று பீக்கன் தொடர்ந்து வராவிட்டால் தானாக 26-க்குப் போ என்று எழுதிவிடுங்கள்.