கோட் முன்னேறுகிறது, ஆவணம் பின்தங்குகிறது: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தரமணி_பைத்தான்:
வணக்கம் நண்பர்களே. சென்னையில் சில பேர் சேர்ந்து தமிழ்ப் பிழைதிருத்திக்கான ஒரு பைத்தான் லைப்ரரியைக் கட்டற்ற மென்பொருளாக நடத்துகிறோம். கோட் நன்றாகப் போகிறது. டாக்குமென்டேஷன் மட்டும் தனியாக ஒரு விக்கியில் கிடக்கிறது. போன வெளியீட்டில் ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறியது, விக்கியில் இன்னும் பழைய பெயர்தான். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி மாணவி அதை அப்படியே டைப் செய்து, எரர் வந்து, தனக்குத்தான் புரியவில்லை என்று சாயங்காலம் முழுக்கப் போராடியிருக்கிறார். கேட்டதும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலத்தை விடவும் பழசு. முழுநேர ஆள் யாரும் இல்லை. என்ன செய்யலாம்?

அம்பத்தூர்_லினக்ஸ்:
முதலில் ஆவணத்தை விக்கியிலிருந்து கோட் இருக்கும் ரெப்போவுக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஃபங்ஷன் பெயரை மாற்றுகிறவர் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் விண்ணப்பத்தில்) ஆவணத்தையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மெர்ஜ் கிடையாது, அதாவது அந்த மாற்றம் சேராது. இதை யாருடைய ஞாபகத்தையும் நம்பி விடாதீர்கள். ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியில் டாக்டெஸ்ட் வசதி உண்டு, பக்கத்தில் எழுதியிருக்கும் உதாரணத்தை நிஜமாகவே ஓட்டி, வரும் விடையும் நீங்கள் எழுதிய விடையும் ஒன்றுதானா என்று பார்க்கும். இதை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகச் சோதனை ஓட்டும் அமைப்பில்) சேர்த்திருந்தால் பெயர் மாறிய அன்றே சிவப்பு விழுந்திருக்கும். லிங்க்குகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் லிங்க்செக்கை மட்டும் வாரம் ஒருமுறை தனியாக ஓட விடுங்கள், எங்கோ ஒரு வெளித்தளம் படுத்துவிட்டது என்பதற்காகப் புதிதாக வருகிறவரின் வேலை தடைபடக் கூடாது.

இன்னொன்று, ஆவணங்களை வெளியிடும் தளமான ரீட் த டாக்ஸில் போட்டால் 'லேட்டஸ்ட்', 'ஸ்டேபிள்' என்று இரண்டு பதிப்பு வரும். லேட்டஸ்ட் என்பது மெயின் பிரான்ச்சில் (கோடின் முதன்மைக் கிளையில்) இப்போது இருப்பது, ஸ்டேபிள் என்பது கடைசியாக டேக் (பதிப்பு எண் அடையாளம்) போட்டு வெளியிட்டது. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவும் மாணவருக்குக் கிடைப்பது வெளியிட்ட பதிப்புதான், அதனால் முகப்பு ஸ்டேபிளுக்கே போகட்டும்.

மயிலை_மொழிபெயர்ப்பு:
தமிழுக்கு, மொழிபெயர்ப்பைத் தனிக் கோப்பில் வைக்கும் கெட்டெக்ஸ்ட் முறைக்கு மாறுங்கள். முழுப் பக்கத்தையும் நகலெடுத்து மொழிபெயர்த்தால் மூலத்தில் எந்த வரி மாறியது என்றே தெரியாது. அதன் பிஓ கோப்பில் மூலமும் தமிழும் பத்தி பத்தியாக இருக்கும், ஆங்கிலப் பத்தி திருத்தப்பட்டால் அதன் தமிழ் 'ஃபஸ்ஸி' (மறுபடி பார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படும். ஸ்பிங்க்ஸ் இயல்பாக அந்தப் பத்தியை மட்டும் ஆங்கிலத்தில் காட்டும். பக்கம் கலவையாகத் தெரியும்தான், ஆனால் தப்பான தமிழை விடச் சரியான ஆங்கிலம் மேல் என்பேன். வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் இணைத்துவிட்டால், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் தெரியாத தமிழாசிரியர்கள் கூட பிரவுசரிலேயே திருத்தலாம்.

பெரம்பூர்_வாசகன்:
நான் பார்வையற்றவன், என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துத்தான் படிக்கிறேன். நிறைய திட்டங்களில் நிறுவும் பக்கத்தில் கமாண்டை எழுத்தாகத் தராமல் டெர்மினலின் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டிவிடுகிறார்கள். ஸ்கிரீன் ரீடர் 'கிராஃபிக்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், எனக்கு அங்கேயே வழி அடைபட்டுப் போகிறது. கமாண்டை எழுத்தாகவே போடுங்கள், போனில் படிக்கிறவருக்கும் காப்பி செய்ய வரும், தேடினாலும் கிடைக்கும். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் நிஜத் தலைப்பாகவே குறியுங்கள். எச் விசையை அழுத்தி நான் தலைப்பு தலைப்பாகத்தான் தாவுகிறேன்.

தரமணி_பைத்தான்:
ரொம்ப நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன ஸ்கிரீன்ஷாட் விஷயத்தைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம். சரி, எல்லாம் மாறிய பிறகு பழைய விக்கியை அழித்துவிடலாமா?

அம்பத்தூர்_லினக்ஸ்:
அழிக்காதீர்கள். யார் யாரோ வலைப்பதிவிலும் பாடக்குறிப்பிலும் அந்த முகவரியைக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பழைய பக்கத்திலும் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, அதற்கு நேரான புதிய பக்கத்தின் லிங்க்கை மட்டும் வையுங்கள், முகப்புக்கு அனுப்பினால் தேடி வந்தவர் தொலைந்துவிடுவார். அப்புறம் விக்கியில் எடிட் வசதியைப் பூட்டிவிடுங்கள்.