கலைச்சொல் வேண்டும்: சூடோகேப்

வணக்கம். உயர்வெப்பநிலை மீகடத்திகள் (மின்தடையே இல்லாமல் கடத்துபவை) அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சூடோகேப் (pseudogap) என்ற சொல் மட்டும் உதைக்கிறது. காப்பர் ஆக்சைடு மீகடத்திகளில் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) குறைவாக இருந்தால், மின்தடை மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு வெகு மேலேயே, ஃபெர்மி மட்டத்தருகே (எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் ஆற்றலின் மேல்விளிம்பு) எலக்ட்ரான் நிலைகள் குறையத் தொடங்குகின்றன. முழுக்க அற்றுப்போவதில்லை, மின்தடையும் போகவில்லை. இந்தக் குறைவுதான் சூடோகேப். 'போலி இடைவெளி' போதுமா?

---

> 'போலி இடைவெளி' போதுமா?

போதாது. போலி என்றால் மாணவர் 'இல்லாத ஒன்று' என்றே படிப்பார். இடைவெளி நிஜமாகவே இருக்கிறது. எலக்ட்ரான்களை ஒளியால் வெளியேற்றிக் கோணம் கோணமாக அளந்தால், செம்பு–ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் திறந்திருக்கிறது. 45 பாகை திருப்பினால் மூடிக்கிடக்கிறது. அங்கே மிஞ்சும் ஃபெர்மி பரப்பின் துண்டுதான் ஃபெர்மி வில். 'குறையிடைவெளி' என்போம்.

---

போல் + இ = போலி. ஒத்திருப்பது என்பதே பொருள். ஏமாற்று என்பது பிற்பாடு ஏறிய கறை. இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆவதும் போலிதான், பந்தலுக்கு ஒரு குறையும் வரவில்லை. கயமை அதிகாரத்தின் முதல் குறளில் 'ஒப்பாரி' என்றால் ஒப்புமை. அந்த வழியில் 'ஒப்பாரி இடைவெளி' என்றும் வைக்கலாம்; வகுப்பு அழுதால் நான் பொறுப்பல்ல.

---

குறையிடைவெளிக்கு என் மறுப்பு. 'குறைமாசூட்டிய மாதிரியில் குறையிடைவெளி குறைகையில்' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், தெரியும். வேற்றணு சேர்ப்பதை (doping) 'மாசூட்டல்' என்பதே இங்கே ஒட்டாது. லாந்தனம் இருந்த இடத்தில் ஸ்ட்ரான்சியத்தை வைக்கிறோம். ஒரு செம்பு அணுவுக்குச் சுமார் 0.16 துளை என்றாகும்போது மாறுநிலை வெப்பநிலை உச்சம் தொடுகிறது. இதில் மாசு எங்கே? 'துளையூட்டல்' என்று மாற்றுங்கள்.

---

பள்ளிப் பாடநூலில் மாசூட்டல் ஊறிவிட்டது ஐயா. அதைத் தொடாதீர்கள்.

சூடோகேப்புக்கு 'முன்னிணை இடைவெளி'. எலக்ட்ரான்கள் முன்னதாகவே இணைசேர்ந்துவிடுகின்றன. இணைகளின் அலைக்கட்டம் (phase) ஒத்திசைவது மட்டும் கீழே, மாறுநிலை வெப்பநிலையில்.

---

அது ஒரு கட்சியின் கோட்பாடு. மின்னூட்ட அடர்த்தி அலை (எலக்ட்ரான்கள் அலைபோல் அடர்ந்தும் தளர்ந்தும் அமைவது) போன்ற வேறோர் ஒழுங்கு மீக்கடத்தலோடு போட்டியிடுகிறது என்பார் மறுகட்சியார். 1987-இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்ன ஒத்ததிர்வுப் பிணைப்பு (அண்டை எலக்ட்ரான்கள் இணை மாறி மாறிச் சேர்ந்திருப்பது) வழியில் வருவோருக்கு மூன்றாவது கணக்கு. 1986-இல் இந்த வகை மீகடத்தியைக் கண்டுபிடித்துப் பெட்நோர்ட்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பைப் பெயரில் எழுதலாமா? 'போலி'யிடம் ஒரு நல்ல குணம், அது எந்தக் கட்சியும் சேராது.

---

சரி, போலி இடைவெளியே போகட்டும். முதல் இடத்தில் 'இங்கே போலி என்பது பொய்யன்று. ஓரளவே திறந்த இடைவெளி' என ஒரு வரி சேர்க்கிறேன். 'உயர்வெப்பநிலை' பக்கத்திலும் ஒரு வரி வேண்டும்: இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலையான 93 கெல்வின் என்பது சுழியத்துக்குக் கீழே 180 பாகை செல்சியஸ்.

---

ஓரளவே திறந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதன் பெயர்தான் குறையிடைவெளி. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

---

போலியைப் பிறகு பார்க்கலாம். அதிகாரம் முழுக்க 'மீகடத்தி' என்று இருக்கிறதா? மீக்கூறு என்பது போல 'மீக்கடத்தி' என ஒற்று மிக வேண்டும். அச்சுக்குமுன் தேடி மாற்றுங்கள்.