குரூப்: தெற்கு மாசி வீதி வீடு

*வெள்ளி, இரவு 11:40*

நித்யா: அம்மா தூங்கிட்டியா? நானும் ஃபாத்திமாவும் காலைல பெல்ஜியம் கெளம்புறோம். கென்ட், புரூஜ். ரெண்டுமே வாய்க்கால் ஊரு. சாப்பிடத்தான் போறோம், மியூசியம் கியூசியம்லாம் கெடையாது

அம்மா: என்னடி திடீர்னு? சாயங்காலம் பேசுனப்ப ஒண்ணும் சொல்லல

நித்யா: இப்பதாம்மா முடிவாச்சு. மறுபடி பாஸ்தாவானு ரெண்டு பேரும் சட்டிய பாத்தோம், அவ டிக்கெட் போட்டுட்டா

கார்த்தி: நெதர்லாந்துல, டெல்ஃப்ட்ல உன் ரூம் வாசல்லயே வாய்க்கால் ஓடுது. அத பாத்துக்கிட்டே தயிர்சாதம் சாப்பிட வேண்டியதுதான

அம்மா: நாளைக்கு புரட்டாசி சனிக்கிழமை. சொல்லிட்டேன்

நித்யா: தெரியும்மா. ஃபாத்திமாவும் ஹலால் இல்லாத கறி தொடமாட்டா. அங்க பீர்ல வேகவெச்ச மாட்டுக்கறிதான் பேரு போனது, அது எங்க ரெண்டு பேருக்குமே இல்ல

கார்த்தி: அப்ப என்னத்துக்கு போறீங்க

*சனி*

அம்மா: [போட்டோ] தளிகை போட்டாச்சு. எல்லாரும் சேவிச்சுக்கோங்க

அத்தை: கோவிந்தா கோவிந்தா

நித்யா: [போட்டோ] கென்ட். இது கடுகு அரைச்சு விக்கிற கடை, பேரு டீரென்டெய்ன். 1790லேர்ந்து இருக்காம். மரப்பீப்பாய்லேர்ந்து கரண்டியால மொண்டு ஜாடில ஊத்தித் தர்றாங்க. கடுகு, வினிகர், உப்பு, அவ்ளோதான்

அத்தை: காரமா இருக்குமா?

நித்யா: நாக்குல ஒண்ணுமே தெரியாது அத்தை. ஒரு செகண்ட் கழிச்சு மூக்கு வழியா ஏறி உச்சிமண்டைல போய் நிக்குது. ஃபாத்திமா கண்ணுல தண்ணி

அத்தை: ஆவக்காய்க்கு கடுகு பொடிக்கும்போது ஏறுமே, அதேதான். பச்சையா அரைச்சாத்தான் அந்த நெடி. எண்ணெய்ல பொரிஞ்சா போயிரும்

அம்மா: எனக்கு ஒரு ஜாடி வாங்கு

நித்யா: ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்மா, கெடாம இருக்க மருந்து எதுவும் சேக்கறதில்ல. பொங்கலுக்கு வரும்போது பெரிய பெட்டில போட்டு எடுத்துட்டு வரேன். கைப்பைல 100 மில்லிக்கு மேல நிறைய ஏர்போர்ட்ல விடமாட்டாங்க

பெரியப்பா: அந்த ஊரில் சைவம் கிடைக்கிறதா?

நித்யா: தாராளமா பெரியப்பா. வியாழக்கிழமை சைவ நாள்னு 2009லயே மாநகராட்சி ஆதரவோட ஆரம்பிச்சிருக்காங்க. நிறைய ஓட்டல்ல சைவத்துக்குனு தனியா எழுதியே போட்டிருக்கு

அம்மா: பாத்தியா, வெள்ளக்காரனே இருக்கான்

நித்யா: [போட்டோ] இது கூபர்டோன், ஒரு மிட்டாய். வண்டில வெச்சு விக்கிறாங்க. மேல கெட்டி, உள்ள ராஸ்பெரி பாகு. ரொம்ப நாள் வெச்சா பாகு சர்க்கரையா உறைஞ்சிரும், அதான் வெளியூருக்கு அவ்வளவா போறதில்ல. சில எடத்துல ஜெலட்டின் சேக்கறாங்க, அதனால கேட்டுத்தான் வாங்கணும்

கார்த்தி: மூக்கு மாதிரி இருக்கு

நித்யா: இங்கயும் அப்படித்தான்டா கூப்பிடறாங்க

நித்யா: புரூஜ் வந்துட்டோம். மணிக்கூண்டுக்கு கீழயே உருளைக்கிழங்கு ஃப்ரை கடை. கூட்டம்னா கூட்டம். 366 படி ஏறலாமான்னு ஃபாத்திமா கேட்டா, மொதல்ல ஃப்ரைனுட்டேன்

அத்தை: எப்படி மொறுமொறுனு வருது அது? வீட்ல போட்டா தொவண்டு போகுது

நித்யா: ரெண்டு தடவ பொரிக்கணும் அத்தை. மொதல்ல சூடு கம்மியா, வெளுப்பா எடுத்து ஆறவெக்கணும். ஆள் வந்து கேட்டதும் நல்லா காஞ்ச எண்ணெய்ல ரெண்டாவது தடவ. கிழங்கும் கொஞ்சம் பெருசா வெட்டணும்

அம்மா: என்ன எண்ணெய்?

நித்யா: அதான் கத. பழைய முறைப்படி மாட்டுக்கொழுப்பு

அம்மா: ஐயோ பெருமாளே

நித்யா: சாப்பிடலம்மா! கேட்டுட்டுத்தான் நகந்தோம். நாலு தெரு தள்ளி காய்கறி எண்ணெய்ல பொரிக்கிற கடை கெடச்சுது

அத்தை: அந்தப் பொண்ணு என்ன சாப்பிட்டுச்சு?

நித்யா: மசல்ஸ், நம்ம மட்டி மாதிரி. சட்டியோட கொண்டாந்து வெப்பாங்க. ஆனா வெள்ளை ஒயின்ல வேகவெக்கிறது வழக்கம். ஒயின் வேணாம், வெங்காயமும் செலரியும் தண்ணியும் போதும்னா. சமையக்காரர் வெளிய வந்து எங்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு உள்ள போனாரு

நித்யா: அம்மா, வாஃபிள் மாவுல முட்டை இருக்கு

அம்மா: கேக்குல போட்டா கணக்கில்ல

கார்த்தி: இது எந்த சாஸ்திரம் பெரியம்மா?

அம்மா: நான் சொல்றதுதான் சாஸ்திரம்

*ஞாயிறு*

நித்யா: ரிட்டர்ன்ல டெல்ஃப்ட்ல எறங்கல. அப்படியே டென் ஹாக், அதான் தி ஹேக், போயிட்டோம், சுரினாம் ரொட்டி சாப்பிட. [போட்டோ] உருளைக்கிழங்கு மசாலா, தட்டங்காய், உள்ள பருப்பு வெச்ச ரொட்டி. கையாலதான் சாப்பிடணும். ரெண்டு நாள்ல இதான் பெஸ்ட்

அத்தை: தட்டங்காயா! அங்கயா!

பெரியப்பா: சுரினாம் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்தது. 1873இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கொண்டுபோன சமையல் அது. 1975இல் சுதந்திரம் கிடைத்த சமயத்தில் பலர் ஹாலந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். நம் பழவேற்காட்டிலும் இதே டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி

கார்த்தி: கிளாஸ் ஆரம்பம்

பெரியப்பா: கட்டி, துணி வாங்கினார்கள். முழுதாகப் படி.

அம்மா: நித்யா, போட்டோல ஓரத்துல வெள்ளையா உருண்டையா இருக்கே, என்ன அது?

நித்யா: அவிச்ச முட்டைம்மா. அது கூடவே வரும். ஃபாத்திமாக்கு குடுத்துட்டேன்

அம்மா: நெஜமா?

நித்யா: நேத்துதான சனிக்கிழமை

அம்மா: மாசம் பூராவும் புரட்டாசிதாண்டி

நித்யா: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

கார்த்தி: நான் படிச்சுட்டேன்

நித்யா: கார்த்தி, உனக்கு கடுகு ஜாடி வேணுமா வேணாமா?

கார்த்தி: பெரியம்மா, அவ முட்டைய குடுத்துட்டா