ஆரஞ்சு எக்கினேசியா வெயில் காலத்தில் ரோஸாகிறது: மண்ணா, வெயிலா, ரகமா?

தொட்டிவாசி
என்னிடம் மூன்று ரக எக்கினேசியா (பூவின் நடுவில் கூம்பு எழும்பி நிற்கும் டெய்சி போன்ற செடி) இருக்கிறது. ஷையன் ஸ்பிரிட் (விதை போட்டு வளர்த்தது), மேக்னஸ், ஒயிட் ஸ்வான். ஷையன் ஸ்பிரிட்டில் ஒரு செடி முதலில் நல்ல ஆரஞ்சாகப் பூத்தது. வெயில் ஏறியதும் அதே செடியில் பூக்கள் வெளிறிய ரோஸாகத் தெரிகின்றன. மேக்னஸும் முன்பிருந்த அடர்த்தியில் இல்லை. மண்ணின் கார அமிலத்தை மாற்றினால் நிறம் திரும்புமா? ஒரு பூ மட்டும் பச்சையாக, நடுவில் குட்டி இலைகள் முளைத்த மாதிரி இருக்கிறது. அதுவும் வெயிலால்தானா?

வேரடி
மண்ணை விடுங்கள். மண்ணின் கார அமிலத்துக்கேற்ப ஹைட்ரேஞ்சியா பூ நிறம் மாறுவது போல இதில் நடக்காது. பி.எச். (கார அமில அளவு) 6 முதல் 7 வரை இருந்தால் போதும், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊதா, ரோஸ், சிவப்பு நிறங்கள் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. இரவு குளிர்ந்தால் அது நிறையச் சேரும். பகலும் இரவும் சூடாகவே இருந்தால் உண்டாவதும் குறையும், உண்டானதும் சிதையும். மேக்னஸ் வெளிறியது இதனால்தான். மஞ்சள் கரோட்டினாய்டு என்ற வேறொரு நிறமியிலிருந்து வருகிறது. இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மஞ்சளைத் தந்தது அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பகுதியைச் சேர்ந்த எக்கினேசியா பாரடாக்ஸா. அதை ஊதாப்பூ பூக்கும் எக்கினேசியா பர்பியூரியா இனத்தோடு கலந்து எடுத்தவை இவை. ஆக ஆரஞ்சு என்பது மஞ்சளும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது. சிவப்பு குறைந்தால் மஞ்சளாகும், மஞ்சள் மங்கினால் ரோஸாகும்.

ஆனால் வெயிலைக் குற்றம் சொல்வதற்கு முன் பூவின் வயதைப் பாருங்கள். ஒரு பூ பல வாரம் செடியில் நிற்கும். ஆரஞ்சு ரகங்கள் பல, எந்தக் காலநிலையிலும் வயதாக ஆக ரோஸாக மங்குபவைதான். இதழ் விரிந்த அன்றே காம்பில் நூல் கட்டி, தேதி எழுதிய சீட்டு மாட்டுங்கள். வெயில் மாதத்தில் விரிந்த பூ முதல் நாளே வெளிறியிருந்தால் காரணம் சூடு. ஆரஞ்சாக விரிந்து, பத்துப் பதினைந்து நாளில் ரோஸானால் அது வயது.

தொட்டிவாசி
அப்படியே செய்கிறேன். ஆனால் அதே பாக்கெட் விதையில் வந்த பக்கத்துச் செடி முதலிலிருந்தே வெளிர் மஞ்சள். அதற்கு என்ன காரணம்?

விதைப்பெட்டி
அதில் காலநிலைக்குப் பங்கில்லை. ஷையன் ஸ்பிரிட் கலவையாகவே விற்கப்படும் ரகம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ஊதா, வெள்ளை என ஒவ்வொரு நாற்றும் ஒரு நிறம். குறிப்பிட்ட ஆரஞ்சுதான் வேண்டும் என்றால் விதை வேண்டாம், திசு வளர்ப்புச் செடியாக (தாய்ச்செடியின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தது) வாங்குங்கள், அல்லது பிடித்த செடியின் தூரைப் பிரித்து நடுங்கள். கலப்பினப் பூவிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது.

பர்பியூரியா விதைக்குப் பெரும்பாலும் குளிர் தேவைப்படாது. 3 மி.மீ. ஆழம், 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் இருந்தால் 10 முதல் 20 நாளில் முளைக்கும். பாரடாக்ஸா, பல்லிடா என்ற மற்ற இரண்டு இனங்களும் அப்படியல்ல. ஈர மணலில் கலந்து, பையில் கட்டி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் 8 முதல் 12 வாரம் வைக்க வேண்டும். மணல் கையில் பிடித்தால் ஒட்ட வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். இவை இரண்டுக்கும் ஆணிவேர், அதனால் சிறு நாற்றாக இருக்கும்போதே இடம் மாற்றிவிடுங்கள். பர்பியூரியாவுக்குச் சல்லிவேர், பிரித்து நட்டாலும் தாங்கும்.

வேரடி
நிறத்தைக் காப்பாற்ற: காலையிலிருந்து 6 மணி நேர நேர் வெயில், கடும் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல். நாள் முழுக்க நிழலில் வைத்தால் தண்டு நீண்டு சாயும், நிறமும் வராது. தழைச்சத்து உரத்தையும் குறையுங்கள். இலை கொழிக்கும், பூ குறையும். வசந்தத்தில் ஒரு பிடி மட்கிய உரம் போதும், அதையும் தூரில் குவிக்காதீர்கள், அழுகிவிடும்.

பச்சைமேடு
பச்சைப்பூ விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் இதில் அவசரமானது. கிரீன் என்வி, கிரீன் ஜுவல் போன்ற ரகங்கள் பச்சையாகவே பூக்கும், ஒயிட் ஸ்வானின் கூம்பிலும் பச்சைச் சாயல் இருக்கும், அவை நோயல்ல. ஆனால் ரோஸாகவோ ஆரஞ்சாகவோ பூக்க வேண்டிய செடியில் இதழ் பச்சையாகி, கூம்பிலிருந்து இலைக்கொத்து முளைத்தால் ஆஸ்டர் மஞ்சள் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா வகைக் கிருமி) இது. வேர் வரை பரவியிருக்கும், மருந்து கிடையாது. பூவை மட்டும் வெட்டினால் அடுத்ததும் அப்படியே வரும். செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், சுற்றிலும் களை இல்லாமல் வையுங்கள், பூச்சி அதில்தான் தங்கும்.

பிடுங்கும் முன் ஒன்று பாருங்கள். கூம்பின் மேல் மட்டும் குஞ்சம் போல் கோணலாக நீட்டி, இதழும் இலையும் இயல்பான நிறத்தில் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் வேலை. அந்தப் பூக்களை வெட்டி அகற்றி, பருவ முடிவில் காய்ந்த தண்டுகளையும் நீக்கினால் செடி பிழைக்கும். உங்களுடையதில் இதழே பச்சையா, கூம்பு மட்டுமா?

தொட்டிவாசி
இதழே பச்சை. புது இலைகளும் மஞ்சளடித்திருக்கின்றன.

பச்சைமேடு
அப்படியென்றால் இன்றே எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் வேறு எக்கினேசியா நடலாம், கிருமி மண்ணில் தங்காது. பக்கத்துச் செடிகளின் புதுத் துளிரை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிகுறி தெரியச் சில வாரங்கள் ஆகும்.